வட்டம் குத்தாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பு, மனசு இரண்டிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் முழங்கால் பழையபடிதான், மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. அம்மா ஏன் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். நான் போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

மழலையர் வகுப்பில் அம்மா வடிவங்கள் சொல்லிக்கொடுக்கும் விதம் உனக்குத் தெரியும், நீயும் அதில் தப்பிப் பிழைத்து வந்தவள்தான். சதுரம் கறார் பேர்வழி, நான்கு பக்கமும் ஒரே அளவு இல்லாவிட்டால் சாப்பிட உட்காராது. முக்கோணம் கோபக்காரி, கிட்டப் போனால் குத்துவாள். வட்டத்துக்கு மூலையே கிடையாது, யாரையும் குத்தாது, அழுகிற பிள்ளையை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே போய் வீட்டில் விட்டுவிடும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் கதையைச் சொல்லும், அம்மா அதைப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுவாள், பிள்ளை அதன்மேல் பென்சிலை ஓட்டும். இந்த வருஷம் வாலு என்று ஒரு பெண் குழந்தை, தையல்காரம்மாவின் ஒரே மகள், வட்டத்தைத் தவிர எதையும் தொடமாட்டாள். அவள் சொல்லி அம்மா எழுதிய வரி, "வட்டம் என்னை மடியில வச்சுக்கும்."

பள்ளிக்கூடத்தின் பின்புறம் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் மூடி உடைந்து வட்டமான வாய் திறந்தே கிடந்தது. புது மூடிக்குச் சொல்லியிருந்ததாக நிர்வாகி சொல்கிறார், யாரிடம் சொன்னார் என்பது இன்னும் தெரியவில்லை. போன மாதம் ஒருநாள் யாரோ ஒருவன் அடித்துவிட்டான் என்று அழுதுகொண்டு போன வாலு, "வட்டம் என்னை வீட்டுல விட்ரும்" என்று கூட இருந்த பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அந்தத் தொட்டியின் வாயில் போய் உட்கார்ந்து உள்ளே விழுந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர் அதிகமில்லை. அதனால் மூழ்கவில்லை, அதனாலேயே தலை தரையில் மோதியது. ஒரு வாரம் கழித்துக் கண் திறந்தாள். பேச்சில்லை, யாரையும் பார்ப்பதில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர், எங்களுக்கும் சுவருக்கும் பொதுவாக.

விசாரணை நடந்தது. நிர்வாகி அம்மாவிடம், "வட்டம் நல்லதுன்னு நீங்க எதுக்கும்மா சொன்னீங்க? பொதுவா ஒரு வடிவம்னு சொல்லிட்டு விட்டிருக்கலாமே" என்றாராம். மூடியைப் பற்றி யாரும் பேசவில்லை, அது அங்கே இல்லை என்பதால் இருக்கலாம். இப்போது கதைக்குத் தடை. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சம தூரம் உள்ள உருவம் வட்டம் என்று நாலு வயதுப் பிள்ளைகள் கோரஸாகச் சொல்கின்றன. தொட்டியின் வாயை அடைத்து ஒரு பெரிய பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காமலேயே அம்மா வேலையை விட்டுவிட்டாள். மூடி விஷயமாக நான் கத்தினேன். "மூடி இல்லாத குழி ஊர் பூரா இருக்குங்க. அதுல உக்காரலாம்னு சொல்லிக்குடுத்தது நான்தானே" என்றாள். அன்றோடு பேச்சு குறைந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு புதுக் கதை எழுதினாள். அதில் வட்டத்துக்கு வாய் உண்டு, பிள்ளைகளை விழுங்கும், தள்ளி நின்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல்காரம்மா இதுவரை எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்போம். அம்மா இரண்டு வரி படித்ததுமே தையல்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது வேணாம் டீச்சர். இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. வட்டம் குத்தாதுன்னு சொல்லுங்க" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு சொன்னாள், மடியில் வைத்து வீட்டில் கொண்டு விடுகிறவரை முழுசாக. குழந்தை தலையைத் திருப்பியது போல எனக்குத் தோன்றியது. அப்படி எல்லோருக்கும் தோன்றும் என்று நர்ஸ் சொன்னாள். இப்போது அம்மா தினமும் சாயங்காலம் போய் அதே கதையைச் சொல்கிறாள். குரலை அதற்காக மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். உன் தப்பில்லை என்று அம்மாவிடம் சொல்லாதே. நான் சொல்லிப் பார்த்தேன், எழுந்து போய்த் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேள். "அப்படியேதான் இருக்கா" என்பாள். அதற்கு மேல் எதுவும் கேட்காதே, ஆனால் போனை வைத்துவிடாதே.

உன்னை நினைத்தபடி,
அப்பா