மவுஸ் சக்கரமும் என் தலையாட்டலும்

ப்ர்னோ, நவம்பர் 2000

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் வெலிசாரின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இருமல் விட்டுவிட்டது, கவலைப்படாதே.

ஆபீஸில் நடுவே சக்கரம் வைத்த மவுஸ் கொடுத்தார்கள். என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் சக்கரம் வெறுமனே சுற்றியது; திரை அசையவில்லை. எதிர் மேஜை ரடெக், தன் இடத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மவுஸுக்கான கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, "இப்ப நகருதாடா?" என்றான்.

நகர்ந்தது! நம் பல்கேரிய வழக்கப்படி, ஆமாம் என்று தலையை இடமும் வலமும் ஆட்டினேன். இந்தச் செக் நாட்டுக்காரர்களுக்கு அது 'இல்லை'.

"சனியன் பிடிச்ச மவுஸ்!" என்று அந்த வரியை அழித்துவிட்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள், "உங்க ஊர்ல இப்ப குளிரா? அம்மா தனியாவா இருக்காங்க?" என்று கீபோர்டைத் தட்டிக்கொண்டே கேட்டான். இங்கே வந்ததிலிருந்து உன்னைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நேரம் போனதே தெரியாமல் பேசினோம்.

கடைசியில் பழைய வரியையே மறுபடி போட்டு, "இப்பவாவது?" என்றான். திரை வழுக்கிக்கொண்டு ஓடியது.

தெரிந்தேதான் அம்மா, மறுபடியும் இடமும் வலமும் ஆட்டினேன்.

ரொட்டியில் தூவும் நம் மூலிகைப்பொடி இரண்டு பொட்டலம் அனுப்பு. ஒன்று ரடெக்குக்கு. நாளைக்கும் மவுஸைப் பார்க்கிறேன் என்றிருக்கிறான்.

தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வெலிசார்