மாப்பிள்ளையின் எடை

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும்போது என் வலது செருப்பில் வாந்தி. இடது செருப்பில் இல்லையே, அதுக்குச் சந்தோஷப்படு என்கிறான் அண்ணன்.

அவனுடைய பூனை. அறுவை சிகிச்சை முடிந்து அவன் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி, ஒரு தலையணை, கூடையில் இது. அவனுக்கு வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். குனியக் கூடாது, ஓடக் கூடாது, அதனால் பூனையின் சாப்பாடு, மணல் தட்டு, மருந்து எல்லாம் என் தலையில். இரண்டு வயிற்றுக்காரர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி.

அதற்கு வேறு பெயர் இருந்தது. நான் மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. தட்டை வைத்தால் தானாக வந்து சாப்பிடுகிற வழக்கம் கிடையாது. கூப்பிட வேண்டும், கெஞ்ச வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கப்புறம் முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ நம் வீட்டில் மரியாதை குறைந்துவிட்ட மாதிரி எழுந்து போகும்.

ஜூன் 5, வியாழன்

மிருக டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. வயிறு புண்ணாக இருக்கிறதாம். எட்டு வாரத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த டப்பா உணவு மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. வேறு ஒரு பருக்கை வாயில் படக் கூடாது. என்ன தின்றது, எப்போது கக்கியது, ஞாயிற்றுக்கிழமை என்ன எடை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார்.

“வீட்டில வேற யாரும் எதுவும் குடுக்க மாட்டாங்களே?” என்று கேட்டார்.

என்னிடம் கேட்கிறார்! ஆஸ்பத்திரிப் பத்தியச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக மேற்பார்வை பார்க்கிறவள் நான். ஒரு வேளைக்கு இருநூறு தட்டு. உப்பில்லாதது, எண்ணெயில்லாதது, அரைத்தது, வடிகட்டியது. திரும்பி வருகிற தட்டுகளை நானே நின்று பார்ப்பேன். தட்டைப் பார்த்தாலே ஆள் தேறுகிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என் வீட்டில் என் கண்ணைத் தாண்டி ஒரு வாய் உள்ளே போகுமா?

நீல அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன்.

ஜூன் 6, வெள்ளி

டப்பாவைத் திறந்து வைத்தேன். முகர்ந்தது. பிறகு கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது. மணல் தட்டில் போய்விட்டு மூடுமே, அதே பிறாண்டல். நான் வைத்த சாப்பாட்டை!

அண்ணன் சிரித்தான். தையல் வலிக்கும், சிரிக்காதே என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூனையை எடை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது எந்திரத்தில் தானாக நிற்காது. ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், பிறகு இறக்கிவிட்டுத் தனியாக நிற்க வேண்டும், பெரிய எண்ணில் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். நான் தூக்கினால் கையைக் கிழிக்கிறது. அண்ணன் கையில் மட்டும் துணிமூட்டை மாதிரி கிடக்கும். குனியாதே என்று நானே அதைக் கூடையோடு உயர்த்திக் கொடுத்தேன். அவன் பூனையை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றான், எண்ணைச் சொன்னான், நான் எழுதினேன்.

62.9. தனியாக 58.8. மாப்பிள்ளை 4.1.

ஜூன் 11, புதன்

காலை: சாப்பிடவில்லை. மதியம்: சாப்பிடவில்லை. மாலை: ஒரு கரண்டி, அதுவும் நான் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்த பிறகு. ஐம்பத்திரண்டு வயதில் இதற்கா முழங்கால்?

அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று அதனிடம் சொன்னேன். உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஆறு சின்னக் கிண்ணமாகப் பிரித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. அதனால் மூன்று வேளையும் முழுத் தட்டாக்கிவிட்டேன். அதுவும் துடைத்த மாதிரியே வருகிறது. சத்துப் பவுடர் கலந்த பால்கூட ஒரு சொட்டு மிச்சமில்லை. நான் வேலைக்குப் போகும் நாளில் மூடி வைத்துவிட்டுப் போகிறேன், வந்து பார்த்தால் தட்டு பளபளவென்று இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

61.9, 57.7. மாப்பிள்ளை 4.2.

சாப்பிடவே இல்லை, எடை ஏறியிருக்கிறது. காற்றைக் குடிக்கிறதா?

ஜூன் 17, செவ்வாய்

சமையலறை விரிப்பில் வாந்தி. தயிர் மாதிரி திரிதிரியாக.

பால்.

யாரோ பால் கொடுக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

கீழ்வீட்டுத் தையல்காரியைத்தான் சந்தேகப்படுகிறேன். தெருப்பூனைகளுக்கு வாசலில் கிண்ணத்தில் பால் வைக்கிற ஆள் இந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். நம் சன்னலிலிருந்து அவள் கூரைக்கு ஒரே தாவல். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இது இறங்கிப் போகிறது, அவள் ஊற்றுகிறாள். இல்லாவிட்டால் வேறு எப்படி?

அண்ணனைக் கேட்டேன். அவன் நாள் முழுக்க வீட்டில்தானே இருக்கிறான். “நான் எங்க பாப்பா பார்த்தேன், தூங்கிட்டிருந்திருப்பேன்” என்றான்.

மீன் மசியல்தான் நன்றாக இருக்கிறது, அதையே அடிக்கடி செய் என்றான். மனசு குளிர்ந்தது. பாராட்டி ஒரு வார்த்தை சொல்கிற ஆள் இல்லை அவன். முப்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன், சரியாக ஓடுகிற எதைப் பற்றியும் பேச மாட்டான்.

ஜூன் 22, ஞாயிறு

60.9, 56.6. 4.3.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு விடவில்லை. நேராகக் கீழே போனேன்.

கடை வாசலில் இரண்டு பேர் துணியோடு நின்றிருந்தார்கள். நிற்கட்டும் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வயிறு சரியில்லாத ஜீவனுக்குப் பால் ஊற்றுவது புண்ணியமா பாவமா, கக்கியதை அள்ளுகிறவள் நான்தானே, உன் இரக்கத்துக்கு என் விரிப்பா கிடைத்தது. எல்லாம் கேட்டேன். அவள் வாயில் ஊசி இருந்தது. எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“அக்கா, உங்க பூனை இங்க வந்ததே இல்ல. உங்க அண்ணன்தான் வர்றார். பேன்ட் இடுப்பைப் பிடிக்கச் சொல்லி ரெண்டு தடவை வந்துட்டார். அவர் சரியாச் சாப்பிடுறாரான்னு பாருங்க.”

எப்படிப் பேச்சை மாற்றுகிறாள் பாருங்கள்! என் வீட்டில் ஆள் பட்டினி கிடக்கிறான் என்று, இரண்டு பேர் முன்னால், என்னிடம்! அறுவை சிகிச்சைக்கு முன்னால் தைத்த பேன்ட், தொளதொளக்கத்தான் செய்யும், அது எனக்குத் தெரியாதா, உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். கோபத்தில்தான்.

ஜூன் 25, புதன்

சன்னலுக்குக் கம்பிவலை அடித்தாகிவிட்டது. இனி எப்படிப் போகிறது பார்க்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

வாந்தி. சோபாவில்.

சன்னல் அடைத்திருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. பால் வாடை. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது.

ஜூன் 29, ஞாயிறு

59.8, 55.4. மாப்பிள்ளை 4.4. கொழுத்துக்கொண்டே போகிறது. டப்பா உணவில் பாதி குப்பைக்குத்தான் போகிறது.

அண்ணன் எந்திரத்திலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் நின்றதால் என்றான். பூனையை வாங்கி இறக்கிவிட்டேன். என் மணிக்கட்டில் ஒரு கீறல், எப்போதும் போல.

ஜூலை 6, ஞாயிறு

58.7, 54.2. 4.5.

நாளை மறுநாள் டாக்டரிடம் நோட்டைக் காட்ட வேண்டும். பூனை வேண்டாம், நோட்டு போதும் என்று சொல்லியிருக்கிறார். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக எழுதிய நோட்டை அவர் பார்த்திருக்க மாட்டார். தையல்காரி விஷயத்தையும் சொல்லப் போகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நல்லா எழுதியிருக்கீங்க என்றார். எனக்குப் பெருமை. பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களை மட்டும் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பேனாவால் ஓரத்தில் இருந்த எண்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். கழிப்பதற்காக நான் எழுதியிருந்த எண்கள்.

“பூனை ஏறுது, அது சரி. இந்த நடுவுல இருக்கிறது யாரோட எடை?”

அண்ணனுடையது என்றேன். அவன்தான் தூக்குவான் என்றேன்.

“நாலு வாரத்துல நாலரைக் கிலோ இறங்கியிருக்காரே. அவரை யார் பார்க்கிறாங்க?”

58.8. 57.7. 56.6. 55.4. 54.2. எல்லாம் என் கையெழுத்து. என் கையால் எழுதி, கழித்து, அடியில் கோடு போட்டு... பூனைக்கு நூறு கிராம் ஏறியதைக் கண்டுபிடித்தவள் நான். எனக்குக் கண் இருந்ததா இல்லையா?

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. நடந்தே வந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். சாவி போட்டுத் திறந்தேன்.

அண்ணன் மேசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை, முன்னங்கால் இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்தவர் மாதிரி. நடுவில் நான் வைத்துவிட்டுப் போன தட்டு. மீன் மசியலை அண்ணன் ஸ்பூனால் ஓரமாகத் தள்ளித் தள்ளிக் கொடுக்கிறான், அது நக்குகிறது. பால் டம்ளரை ஏற்கெனவே சாஸரில் ஊற்றியாகிவிட்டது. கெஞ்சல் இல்லை, முறுக்கு இல்லை. என்ன ஒழுங்காகச் சாப்பிடுகிறது!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். பூனை ஓடிவிட்டது. அண்ணன் ஓடவில்லை, ஓட முடியாது. நான் கத்தி முடிக்கிற வரை ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“சாப்பிட்டா ஒரு மணி நேரம் உயிர் போகுது பாப்பா. வேர்த்துக் கொட்டுது, படபடன்னு வருது. மிச்சம் வெச்சா உன் மூஞ்சியைப் பார்க்கணும். ரெண்டுல எது தாங்கும்னு பார்த்தேன்.”

என் மூஞ்சிக்குப் பயந்து ஒரு மனுஷன் சாப்பிடாம கிடந்திருக்கான். அதுவும் என் அண்ணன். என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? இருநூறு பேர் சாப்பிடுறாங்க, உனக்கு மட்டும் என்ன நோகுதுன்னு கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்தான்.

அவன் மேல் கோபம் போகவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். பொய் சொன்னான். என் சமையலை வைத்தே என்னை ஏமாற்றினான். மீன் மசியல் நல்லாயிருக்காம்! யாருக்கு நல்லாயிருந்தது?

ஜூலை 9, புதன்

அறுவை செய்த டாக்டரிடம் அழைத்துப் போனேன். பால் ஒத்துக்கொள்ளவில்லையாம், இந்த அறுவைக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகுமாம். இனிப்புச் சத்துப் பவுடரும் வேண்டாம். முழுத் தட்டு கூடவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை.

அதேதான். பூனைக்குச் சொன்ன அதே வார்த்தை. நான் தினமும் ஏழாம் வார்டுக்கு ஆறு ஆறு சின்னக் கிண்ணமாக அனுப்புகிற அதே சாப்பாடு. தட்டு காலியாக வருகிறது என்ற பெருமையில் என் வீட்டு நோயாளிக்கு மட்டும் மறந்துபோனேன். பளபளவென்று இருந்ததே அந்தத் தட்டு. ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியாவது தட்டை நக்கி அனுப்பியிருக்கிறானா? ஒரு தடவை யோசித்திருந்தால் போதும்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னான், மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் ஒரே வியாதி என்று. நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் சிரித்தேன், அப்புறம் அழுதேன்.

ஜூலை 11, வெள்ளி

கீழே போனேன். போகவே கால் வரவில்லை. இன்றைக்குப் பார்த்து நான்கு பேர் வாசலில். நான் அவளைத் திட்டியது ஆட்கள் முன்னால்தானே, அதனால் மன்னிப்பையும் இவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தவில்லை. தையல் முடிகிற இடம் வரை ஓட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“துணியை வெட்டல அக்கா. உள்ள மடிச்சுத்தான் தெச்சிருக்கேன். உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்.”

இரண்டு வாரமாக நான் அவளுக்கு முகம் கொடுக்காமல் படியில் போய்வந்தேன். அவள் என்னடாவென்றால் அண்ணன் தேறுவான் என்று துணியை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, திங்கள்

பதினொன்றரை மணிக் கிண்ணத்தில் நான்கு ஸ்பூன் வைத்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் இரண்டு ஸ்பூன் அப்படியே இருந்தது. என்னிடமே நீட்டினான், முகத்தைப் பார்த்துக்கொண்டு. சுருக்கென்றுதான் இருந்தது. கிண்ணத்தை வாங்கிக் கழுவினேன். குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூலை 19, சனி

மாப்பிள்ளைக்கு மேசைச் சாப்பாடு நின்றுபோய்ப் பத்து நாள். முதல் மூன்று நாள் உண்ணாவிரதம், பிறகு டப்பாவையே தின்ன ஆரம்பித்துவிட்டது. வாந்தி இல்லை. தரையைப் பிறாண்டுவதை மட்டும் விடவில்லை. தின்று முடித்துவிட்டுப் பிறாண்டுகிறது. என்ன கொழுப்பு!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

54.0. போன வாரமும் 54.0. இறங்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் அண்ணன் முட்டையில் பாதியை ஒதுக்கி, “உப்பே இல்ல பாப்பா, வாயில வைக்க முடியல” என்றான். இருபத்திரண்டு வருடத்தில் என் சாப்பாட்டை நேருக்கு நேர் இப்படிச் சொன்ன நோயாளி இல்லை. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்று டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு சிட்டிகை போடலாமாம். போட்டேன். மீதிப் பாதியையும் சாப்பிட்டான்.

பிறகு எடை. கூடையை நான் உயர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவனே குனிந்து எடுத்தான்.

அண்ணன் 55.1. மாப்பிள்ளையோடு 59.2.

இரண்டையும் நோட்டில் எழுதினேன். கழிக்கவில்லை.