பிடி அரிசிக் கலயம்

8 ஜனவரி 1944, சனி

சேவா சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். ஆசைப்பட்டு அல்ல. ஆறாம் பாரம் முடிக்கிறவன் சங்கத்தில் உழைத்திருந்தால்தான் தலைமையாசிரியர் நன்னடத்தைச் சான்று எழுதுவாராம். அந்தச் சான்று இல்லாமல் துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலைக்கு மனுக்கூடப் போட முடியாது. ஆகவே ஊருக்குச் சேவை செய்தே தீரவேண்டும்.

செயலாளர் வெள்ளத்துரை, உப்பளக்காரர் மகன். பசியைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். மூன்று வேளையும் சாப்பிடுகிறவனுக்குத்தான் பசியைப் பற்றி இவ்வளவு அழகாகப் பேச வருகிறது. திட்டம் இதுதான்: வீட்டுக்கு ஒரு கலயம் கொடுப்போம். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அதில் போட்டுவைக்க வேண்டும். சனிக்கிழமை போய் வசூல் செய்து, உப்புக் கிட்டங்கிக்குப் பக்கத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவோம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. சங்கத்துக்குப் பொறுப்பான ரோச் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் தெருவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "பாத்தியளா, பயலுக்கு எவ்வளவு ஆர்வம்!" என்றார் சார். ஆர்வமா! வேறு எவனாவது வசூலுக்கு வந்து, எங்கள் அம்மா வாசலில் புட்டு விற்பதைப் பார்த்துவிடக் கூடாது. பள்ளியைப் பொறுத்தவரை என் அப்பா கொழும்பில் கடை வைத்திருக்கிறார். வீட்டைப் பொறுத்தவரை அவரிடமிருந்து கடிதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

12 ஜனவரி, புதன்

அம்மாவும் கலயத்தில் ஒரு பிடி போடுகிறாள்! ரேஷன் அரிசியில். நமக்கே காணாதே என்றேன். "தெருவே போடும்போது இந்த வடிவம்மா வீட்டுக் கலயம் மட்டும் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறாள். இந்த ஊரில் பட்டினியைவிடப் பெரிய பயம் இதுதான்.

15 ஜனவரி, சனி

வசூல் ஆயிற்று. எங்கள் கலயத்தை மட்டும் அம்மா பார்க்காதபோது அரிசிப் பானையிலேயே திருப்பிக் கொட்டினேன். பதிவேட்டில் எங்கள் வீட்டுக்கும் ஒரு குறி போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று பதிவேடு என்னிடம்தான். குற்றமா? எங்கள் அரிசியை நான் எங்களுக்கே தானம் செய்தேன்.

22 ஜனவரி, சனி

முதல் கஞ்சி. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாற்பது வீட்டு அரிசியையும் ஒரே அண்டாவில் கொட்டினார்கள். பச்சரிசி, புழுங்கல், சிவப்புச் சம்பா, நொய், எவளோ போட்ட கம்பு. பச்சரிசி பசையாகிவிட்டது. சம்பா கல்லாகவே கிடந்தது. வெள்ளத்துரை விறகைத் தள்ளத் தள்ள அடியும் பிடித்தது. சேர்த்துப் போட்டால் வேகாது என்று எனக்குத் தெரியும். புட்டுக்காரி மகனுக்குத் தெரியாதா? வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

சங்கு குளிக்கிறவர் வீட்டு அம்மாள் ஒருத்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, குடிக்கவா, இல்ல செவுத்துல பூசவா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அறிக்கையில் வெள்ளத்துரை என்னை எழுதச் சொன்னது: "ஏழை மக்கள் மனமகிழ்ந்து பருகினர்."

மிச்சத்தை வாங்க ஓர் ஆள் வாளியோடு வந்தான். யார் வீட்டு ஆள்? செயலாளர் வீட்டு ஆள். மாட்டுக்காம்! விடுவேனா? அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: உறுப்பினர் வீட்டார் யாரும் சங்கத்துக் கஞ்சியைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த உறுப்பினர் பெயர் அடிக்கப்படும். எல்லோரும் கை தட்டினார்கள். வெள்ளத்துரையும் தட்டினான், முகம் வெளிறி. இன்றைக்கு நான் சாப்பிட்டது குறைச்சல், வயிறு நிறைந்துவிட்டது.

27 ஜனவரி, வியாழன்

அம்மா புட்டுக்குழலைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டாள். வியாபாரத்துக்கு அரிசி எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டுட்டேன்" என்றாள். சரி என்று சாப்பிட்டேன்.

29 ஜனவரி, சனி

இரண்டாவது கஞ்சி. அதே பசை, அதே கல். வெள்ளத்துரை கரண்டியோடு போட்டோவுக்கு நின்றான். கரண்டியில் ஒன்றுமில்லை.

5 பிப்ரவரி, சனி

எப்படி எழுத.

கஞ்சி வாங்குகிறவர்களின் பெயரும் தெருவும் எழுதுவது என் வேலை. தலை நிமிராமல் கேட்பேன், எழுதுவேன், அடுத்தது. இன்று "பேரு?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. நிமிர்ந்தேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு — அம்மா.

பக்கத்தில் வெள்ளத்துரை கரண்டியோடு நிற்கிறான். என் பேனா நின்றுவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு முன்பின் தெரியாதவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "சண்முகத்தாயி. கடக்கரைத் தெரு, ஐயா."

ஐயா!

எழுதினேன். சண்முகத்தாய், கடற்கரைத் தெரு. கை நடுங்காமல் எழுதினேன், எழுத்து அழகாகவே வந்திருக்கிறது. ஏல மந்திரமூர்த்தி, நீயெல்லாம் ஒரு மனுசனாலே? தீர்மானம் வேற கொண்டுவந்தியே! மாட்டுக்கு வாங்குனவன்கூட அவன் வீட்டு ஆளைத் தெரியாதுன்னு சொல்லலியே.

வீட்டுக்கு வந்தேன். தட்டில் கஞ்சி ஊற்றி வைத்தாள். மறுபடி கொதிக்கவைத்திருந்தாள், ஆனாலும் ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது; சம்பா பல்லில் நறநறவென்றது. எனக்காகத்தான் போயிருக்கிறாள். நான் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"நீ பேரு எழுதித் தந்ததுதான். குடி" என்றாள். கோபமே இல்லை. "பச்சரிசியும் புழுங்கலும் ஒண்ணாப் போட்டா எந்தக் காலத்துல வேகும்? அவனுவளுக்குத்தான் தெரியாது. ஒனக்குமா தெரியாது? வறுத்து இடிச்சிக் கூழாக் காச்சச் சொல்லக்கூடாதா?" என்றாள்.

சொல்லக்கூடாதா என்று கேட்கிறாள். எதைச் சொல்லவில்லை என்று கேட்டாளோ தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். அவள் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

9 பிப்ரவரி, புதன்

நான்கு நாளாக எனக்கு நானே வக்கீல். சொன்னால் பெயர் போகும், சான்று போகும், குமாஸ்தா வேலை போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. அம்மாவே பெயரை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றிவிட்டாளே! ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் சண்முகத்தாயாக வந்து எனக்கு ஐயா போடவேண்டும். அதை நான் அழகாக எழுதவேண்டும்.

12 பிப்ரவரி, சனி

கூட்டத்தில் பதிவேட்டைத் திறந்து, சண்முகத்தாய் என்பதை அடித்து, வடிவம்மாள் என்று எழுதினேன். பக்கத்தில்: உறுப்பினர் மந்திரமூர்த்தியின் தாய். வாராவாரம் எங்கள் வீட்டுக்கு நான் போட்ட பொய்க் குறிகள் நான்கையும் அடித்தேன், காரணத்தையும் சொன்னேன். எழுந்து நின்றுதான் சொன்னேன்.

"எவனும் பாக்கலியேலே, விட்டுரு" என்று வெள்ளத்துரை காதோரம் சொன்னான். இவனிடமிருந்து இரக்கம்! மாட்டு வாளியை நான் விடவில்லையே. "ஒங்கப்பா கொழும்புல..." என்று இழுத்தான். "இருந்தார். இப்பம் தெரியாது" என்றேன்.

ரோச் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கொண்டுவந்த தீர்மானந்தானப்பா" என்றார். உறுப்பினர் பட்டியலில் என் பெயரை நானே அடித்தேன். சான்றைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கிறாராம். பார்க்கட்டும்.

வெளியே வருமுன், அரிசியை வறுத்து இடித்துக் கூழாகக் காய்ச்சுங்கள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். கேட்பான் என்று தெரியும்.

"எங்கம்மா புட்டு விக்கிறவ."

இவ்வளவுதானா அது? ஆறு வருஷம் இதற்கா பயந்தேன்?

19 பிப்ரவரி, சனி

அம்மாவும் நானும் வரிசையில் நின்றோம். கூழ் நன்றாக இருந்தது. அரிசி இடித்ததில் செயலாளருக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளமாம். இரண்டு தரம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

26 பிப்ரவரி, சனி

எங்கள் தெருவுக்கு இப்போது வெள்ளத்துரைதான் வசூல். சாக்குப் பையோடு வாசலில் வந்து நின்றான். ஆணியில் தொங்கிய புட்டுக்குழலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மா கலயத்தை எடுத்துவந்தாள். பாதிக்கு மேல் இருந்தது. இந்தத் தடவை நான் அதைத் தொடவில்லை.

"வேண்டாம்மா, ஒங்க வீட்டுல வேண்டாம்" என்றான்.

"ஏம்ப்பா, எங்க வீட்டு அரிசி மட்டும் வேகாதா?" என்றாள் அம்மா.

அவனுக்குக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. பையை நான்தான் விரித்துப் பிடித்தேன்.