மாமா குடியை நிறுத்திய அழகு

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே அம்மா சுகம், உன் தங்கை சுகம், எனக்கும் சொல்லும்படியான குறை ஒன்றும் இல்லை, நீயும் அங்கே உடலும் மனமும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமெல்லாம். மாமா மட்டும் மருத்துவமனையில் இருக்கிறார். பதறாதே, பிழைத்துவிட்டார். குடித்ததால் அல்ல, குடியை நிறுத்தியதால் போய்ப் படுத்திருக்கிறார். நம் குடும்பத்தில் எதையும் நேராகச் செய்கிற வழக்கம் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சபதம் செய்ததை அம்மா உனக்குத் தொலைபேசியில் ஆனந்தக் கண்ணீரோடு சொன்னாள் அல்லவா, அதற்குப் பின்பு நடந்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றே மிச்சமிருந்த பாட்டில்களையெல்லாம் அவள் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள், அத்தை வாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் மாமாவுக்குக் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது. நம் வீட்டு மருத்துவக் குழு உடனே கூடி ஆராய்ந்தது. ஒரு ரவுண்டு வாங்குறதுக்கு இந்தக் கூத்து, விடுங்க, அவன் சின்ன வயசுலேர்ந்தே நடிகன் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் எனக்கு எப்போதும் அப்படித்தான் படும் என்பதால் நானே அதைப் பொருட்படுத்தவில்லை. அதற்கடுத்த நாள் மாமா என்னைக் கூப்பிட்டு, அத்தான், செவுத்துல எறும்பு வரிசையாப் போகுது பாருங்க, ஒவ்வொண்ணும் விரல் தண்டி என்றார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரை மூலைக்கு மூலை பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வலிப்பு வந்து சாய்ந்தார். அப்போது யாரும் நடிகன் என்று சொல்லவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா எங்களை வரிசையாக நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தார். யாரு சார் ஒரேயடியா நிறுத்தச் சொன்னது, இத்தனை வருஷம் தினமும் குடிச்சவரு, உயிரே போயிருக்கும், நிறுத்துறது நல்ல காரியம்தான், எங்களை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா என்றார். ஒருவர் குடிக்காததற்காக நான் திட்டு வாங்கியது இதுவே முதல் தடவை. அவர் விளக்கியதை என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள், ஓய்வுபெற்ற லிப்ட் ஆய்வாளனுக்கு லிப்ட்தான் தெரியும். மது மூளையைத் தினமும் கீழே அழுத்துகிறது. மூளை உன் மாமாவைப்போல் சும்மா இருக்கிற ஆள் இல்லை, சமாளிப்பதற்காக, லிப்ட் கூண்டுக்கு மறுமுனையில் தொங்குகிற பாரம்போல் மறுபக்கம் எதிரெடையை ஏற்றிக்கொண்டே போகிறது. எனக்கெல்லாம் எவ்வளவு போட்டாலும் ஏறாது என்று மீசையை முறுக்கினாரே, அது வீரம் இல்லையாம், அந்த எடைதானாம். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் எதிரெடை மட்டும் மிஞ்சுகிறது, பிரேக் இல்லாத காலிக் கூண்டு உச்சியில் போய் மோதுவதுபோல் நரம்பெல்லாம் தறிகெட்டு ஓடுகிறது. நடுக்கம், எறும்பு, வலிப்பு எல்லாம் அந்த ஓட்டம்தான். மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து, அந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டுமாம். கல்லீரலும் வீங்கியிருக்கிறதாம், விடுப்பே தராத முதலாளியிடம் அது வேறென்ன செய்யும்.

இனி உன் விஷயம். மாமாவே நிறுத்திட்டாருன்னா நானும் நிறுத்துறேன், வெள்ளிக்கிழமைலேர்ந்து ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காரப்போறேன், யார்கிட்டயும் சொல்லாதே என்று தங்கையிடம் சொன்னாயாம். யாரிடமும் சொல்லாதே என்றதால் அவள் உடனே என்னிடம் சொன்னாள். காலையில் உனக்குக் கை நடுங்குகிறதென்றும், அது அந்த ஊர்க் குளிர் என்றும் சொன்னாயாம். ஒரு மடக்கு உள்ளே போனதும் ஓடிவிடுகிற குளிரை நான் எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. தூக்கம் வராவிட்டால் உன்னோடு வேலை பார்ப்பவர் தூக்க மாத்திரை தருவதாகச் சொன்னாராமே, என்ன தாராள மனசு. மதுவும் அந்த மாத்திரையும் இரண்டுமே மூச்சை மெதுவாக்குபவை, சேர்ந்தால் மூச்சு நின்றே போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார், அந்தத் தாராள மனசுக்காரருக்கு நன்றி சொல்லி, மாத்திரை வேண்டாம் என்றுவிடு. மாமாவைத் தூக்க நாங்கள் நாலு பேர் இருந்தோம். பூட்டிய அறைக்குள் உன்னைத் தூக்க யார் இருக்கிறார்கள்?

இதை போனிலேயே சொல்லலாமே என்று தங்கை கேட்டாள். பேசினால் சாப்பிட்டியாப்பா என்பதைத் தாண்டி எனக்கு நாக்கு நகராது. எழுதித் தருகிறேன், அவள் படமெடுத்து இன்றே அனுப்புவாள். உன்னைக் குடிக்காதே என்று சொல்லத்தான் இத்தனை காலம் துணிவைச் சேர்த்துவைத்தேன், சேர்த்த துணிவு இப்போது இதற்குச் செலவாகிறது. நாளைக் காலையே டாக்டரிடம் போ, எவ்வளவு குடிக்கிறாய் என்பதை உன் வழக்கப்படி பாதியாக்காமல் சொல், அவர் சொல்கிறபடி நிறுத்து. துணைக்கு ஆளில்லை என்றால் ஒரு வார்த்தை அனுப்பு, நான் கிளம்பி வந்துவிடுகிறேன்.

நீ தீர்க்காயுசாக, தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டும்போது அடுத்த வரியை மட்டும் விட்டுவிடுவேன். டாக்டரைப் பார்க்கிறவரை குடியைக் கூட்டாதே, ஆனால் நிறுத்திவிடவும் செய்யாதே, கண்ணா.

உன் அப்பா