பிழையாகப் பொத்திய வலை

இஞ்சாருங்கோ,

நான் கிழிசல் பொத்தி அனுப்பிய வலையை, நீங்கள் தொழிலுக்குப் போய்த் தங்கியிருக்கும் நாயாற்று மீன்வாடியிலிருந்து உங்கள் தம்பி மெல்ரொன் திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டார். "மச்சாள், தூங்கித் தூங்கியோ பொத்தினனீங்கள் எண்டு அண்ணை கேக்கச் சொன்னவர்" என்றார்.

ஓம், தூங்கித் தூங்கித்தான் பொத்தினேன். எட்டு மாத வயிற்றோடு குனிந்திருந்து, கையில் ஊசியோடு நித்திரையாகி, வலையைத் தாறுமாறாக முடிந்துவிட்டேன். இரவு முழுக்க ஷெல் சத்தம். விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை என்று வலை வேலையெல்லாம் பகலில். நான் எப்போது படுப்பது?

"பிள்ளை, பகலிலயும் கொஞ்சம் சரிஞ்சு படு" என்று மருத்துவிச்சி சொன்னதை உங்களுக்கு எழுதினேனே, வாசிக்கவில்லையா? நீங்கள் அனுப்பிய துண்டுக் கடிதத்தில் வலையைப் பற்றி ஒன்பது வரி. பிள்ளை துடிக்கிறதா என்று கேட்க ஒரு வரிக்கு இடமில்லையாக்கும்!

அந்த முடிச்சுகளை நான் பிரிக்கமாட்டேன். மெல்ரொனைக் கொண்டே வலையை முற்றத்து இரண்டு வேம்புக்கும் நடுவில் தொட்டில் போலக் கட்டுவித்துவிட்டேன். மத்தியானத்தில் அதற்குள்தான் படுக்கிறேன்.

வலை வேண்டுமென்றால் நீங்களே வந்து அவிழ்த்துக்கொண்டு போங்கள். அதற்கு முதல் இரண்டு பேரை எழுப்ப வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்