மூன்று முனியப்பாக்களும் ஒரு சான்றுப் பட்டியலும்

என் பிரியமான அண்ணாவுக்கு,

"நலம், நலமறிய அவா" என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். அப்புறம் அடித்தேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. நான் நலமா என்று நீ கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். தலை சுற்றுகிறது. அதற்குக் காரணம் நீதான் என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

உன் கட்டுரை விஷயம். ஓசூர் தாலுகா கச்சேரியில் வாரத்தில் ஆறு நாள் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, ஏழாவது நாள் சைக்கிளில் ஏரி ஏரியாகச் சுற்றி எழுதினாயே, அதைச் சென்னைப் பேராசிரியர் தம் கல்லூரி ஆண்டிதழில் போடச் சம்மதித்திருக்கிறார். உன் பெயரில்தான். பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பாராம். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்துக் காட்டினேன். உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். கட்டுரை நன்றாக இருக்கிறதாம், கடைசியில் இருக்கும் சான்றுப் பட்டியல்தான் சந்தைக்கடை மாதிரி கிடக்கிறதாம். அதை ஒழுங்கு செய்து இந்த மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை இல்லை. எப்படி ஒழுங்கு செய்வது என்று இரண்டு பக்கம் விதி எழுதியிருக்கிறார். புத்தகம் என்றால் ஆசிரியர் பெயர், கால்புள்ளி, நூலின் பெயர், அதன் கீழே கோடு, பிறகு அச்சான ஊர், ஆண்டு, பக்கம். வாய்மொழியாகச் சொன்னவர் என்றால் பெயர், ஊர், வயது, சொன்ன நாள். எல்லாரையும் அகர வரிசையில் வைக்க வேண்டும். பெயரின் முன்பகுதி எதுவோ அதுவே முதலில் வர வேண்டும்.

ராயக்கோட்டைப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு அகர வரிசை சொல்லிக் கொடுப்பவள் நான். இது ஒரு பெரிய காரியமா என்று உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். திறந்த பிறகு உன்மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒரு குறிப்பு. கல்யாணப் பத்திரிகை உறையில் ஒரு குறிப்பு. ஆதாரமாக நீ நம்பிய பழைய நீர்ப்பாசனப் புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆசிரியர் யார், எந்த ஊரில் அச்சானது, ஒன்றும் இல்லை. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கரையான்' என்று எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நீ சிரித்திருப்பாய். பேராசிரியர் சிரிப்பாரா என்று தெரியவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைத் தாளும் இருந்தது. பேராசிரியருக்கு நீ எழுத ஆரம்பித்த கடிதம். "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது." அவ்வளவுதான், அப்புறம் வெறும் தாள். காய்ச்சல் வந்த சமயமாக இருக்கும், கட்டுரை எப்போது அச்சாகும் என்று கேட்க நினைத்திருப்பாய் என்று அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பட்டியலுக்கு வருகிறேன். உன் கட்டுரையின் உயிரே அந்த மூன்று சாட்சிகள். தண்ணீர் குறைந்த வருஷத்தில் ஏரித் தண்ணீர் முதலில் கடைமடை வயலுக்குத்தான் போக வேண்டும், மதகை ஒட்டிய வயல்காரன் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவனுக்குக் கசிவு நீராவது உண்டு. இது பழைய முறை என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் கன்னடத்தில், ஒருவர் தெலுங்கில், ஒருவர் தமிழில். எல்லைக்கோடு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊரெல்லாம் வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த நாளில் நீ எழுதினாய்: கோடு எங்கே விழுந்தால் என்ன, மூன்று பாஷைக்காரருக்கும் தண்ணீர் முறை ஒன்றுதான். அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் உனக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்தேன்.

அகர வரிசையில் மூவரும் இப்படி வந்தார்கள். 'க' வரிசையில் கொத்தூர் முனியப்பா, வயது அறுபது. தளிச் சந்தையில் நீயே பார்த்துக் கன்னடத்தில் கேட்டது. 'ச' வரிசையில் சி. முனியப்பன், வயது எழுபது. ராயக்கோட்டைச் சந்தைக்கு அவரைக்காய் கொண்டுவந்தவரிடம் நீ சொன்னபடி நான் கேட்டு எழுதிக் கொடுத்தது. 'ப' வரிசையில் பசுல முனியப்பா, வயது எண்பதுக்கு மேல். புளி வாங்கக் கிராமம் கிராமமாகப் போகும் காசிம் பாய் தெலுங்கில் கேட்டுவந்து உனக்குச் சொன்னது.

மூன்றும் முனியப்பா என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டால் ஏதாவது ஒரு முனியப்பா மேல்தான் விழும். உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?

பின்னிரண்டு பேருக்கும் ஊர்ப் பெயர் இல்லை. நான் 'தளிப் பக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தேன், அது என் தப்பு. பாயின் கடைக்குப் போய், பசுல முனியப்பா எந்த ஊர் என்று கேட்டேன். "அட, கொத்தூருதாம்மா" என்றார். ஒரே ஊரில் இரண்டு சாட்சி, ஒரு பஸ் செலவு மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். பள்ளிக்கு லீவு விட்ட மறுநாளே தளி பஸ் பிடித்தேன். கொத்தூர் விலக்கில் இறங்கி, அங்கிருந்து நடை.

ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் பசுல முனியப்பா வீடு எது என்று கேட்டேன். கை காட்டினாள். வாசலில் கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ராயக்கோட்டைச் சந்தையில் நான் பேசிய அதே மனிதர்.

"வாம்மா டீச்சரு! சந்தையில பேசினமே, நெனப்பு இருக்குதா? கூத்துக்கோ, கூத்துக்கோ" என்று கட்டிலில் இடம் விட்டு உட்காரச் சொன்னார்.

"பசுல முனியப்பாங்கறது...?"

"நாந்தான். ஊட்ல தெலுங்கு. பசுல எங்க ஊட்டுப்பேரு, குடும்பத்துக்கே அதுதான்."

"அப்போ கொத்தூர் முனியப்பா யாருங்க?"

"அதுவும் நாந்தாம்மா. தளிக்குப் போனா ஊர்ப் பேரச் சேத்துத்தான் கூப்புடுவாங்க. நீ பள்ளிக்கூட ரிஜிஸ்தரு கணக்கா அப்பன் பேரு கேட்ட, சின்னப்பான்னு சொன்னேன். ஊருக்குள்ள முனியப்பா ஏழு பேரு இருக்கறோம். ஆனா இந்த ஏரிக்கு மதகு தொறந்தவன் நான் ஒருத்தன்தான். ஏரி சங்கதின்னு யாரு கேட்டாலும் ஜனங்க எங்க ஊட்டுக்குத்தான் கை காட்டுவாங்க."

"வயசு மட்டும் மூணு விதமாச் சொல்லியிருக்கீங்களே?"

"எனக்கென்னம்மா தெரியும்? கேக்கறவங்க மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொல்றதுதான்."

அண்ணா, கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று நீ எழுதியது ஒரே மனிதரை. மூவருக்கும் பொதுவாக இருந்த பெயரை விதிப்படி பின்னால் தள்ளி, நானும் அவரை மூன்று எழுத்தில் பிரித்து உட்கார வைத்தேன். எவ்வளவு அழகான பட்டியல் தெரியுமா? ஒரு கால்புள்ளி தப்பில்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மோர் கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "உங்கண்ணன் ரெண்டாந்தரம் இங்கயே வந்தாரும்மா. எங்க வம்சம் பசுலவாருன்னு என்னமோ பேச்சு வந்துச்சு. 'உங்க ஊட்டுப்பேரு பசுலவா?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். சந்தையில ஒரு டீச்சரு கேட்டதையும் சொன்னேன், அது எந்தங்கச்சிதான்னாரு. அப்படியே உக்காந்துட்டாரு. மோரு குடுத்தோம், குடிக்கல. ஏரியவே பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போயிட்டாரு."

உனக்குத் தெரிந்திருக்கிறது!

"எப்போ வந்தாருங்க?" என்று கேட்டேன்.

"ராகி அறுப்புக்கு முன்னயா, பின்னயா... நெனப்பு வல்லம்மா."

கட்டுரையை நீ ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய ரசீது என்னிடம் இருக்கிறது. கார்த்திகை மாதம், சரியாக ராகி அறுப்புச் சமயம். நீ முதலில் தபால் ஆபீசுக்குப் போனாயா, கொத்தூருக்குப் போனாயா? தெரியாமல் அனுப்பினாயா, தெரிந்தே அனுப்பினாயா? மார்கழியில் பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்தாயே, கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நான்தானே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சில நேரம் நீ ஒரு பொய்யும் சொல்ல மாட்டாய் என்று நினைக்கிறேன். சில நேரம், அந்த ஒரு வரிமேல் உனக்கு இருந்த ஆசையை நினைத்தால் பயமாக இருக்கிறது. கோபம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். எது எந்தப் பக்கம் என்றுகூட எனக்கு இப்போது தெரியவில்லை.

ஊர் திரும்பி பாயிடம் சொன்னேன். அவர் புளியைக் கிளறிக்கொண்டே, "விட்ரும்மா. பட்டணத்துலேருந்து யாரு கொத்தூருக்கு வந்து பாக்கப் போறாங்க? போனவரு பேரு அச்சுல வரட்டும். பெத்தவங்க பாக்கட்டும்" என்றார். அவர் சொன்னது தப்பு என்று எனக்கும் சட்டென்று தோன்றவில்லை. அம்மா தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறாள். சுத்தமாக எழுதிய பட்டியல் உறைக்குள் தயாராக இருக்கிறது. ஒட்டிப் போட்டால் முடிந்தது. உண்மையை எழுதினால் மூன்று சாட்சி ஒரு சாட்சியாகிவிடும். ஒரு கிழவர் சொன்னதை வைத்து மூன்று பாஷைக்கும் நியாயம் பேசிய கட்டுரையை எந்தப் பேராசிரியர் போடுவார்?

உறையை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். ஒட்டவிடாமல் செய்தது நீ இல்லை, முனியப்பாதான். கிளம்பும்போது அவரிடம், "உங்க பேரை எப்படிங்க போடட்டும்?" என்று கேட்டிருந்தேன். சும்மா, வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் உரித்த அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டார்.

"மூணு பேரயும் போடும்மா, ஆளு ஒண்ணுன்னு எழுது. நாப்பது வருசம் மதகு தொறந்தவன் நான். ஒருத்தன் முறைய இன்னொருத்தனுக்குக் குடுத்ததில்ல. இந்த வயசுல என்ன மூணு ஆளாக்கி பொய் சாட்சியா நிறுத்திடாத" என்றார்.

அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. உன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று உனக்குத் தெரியும். அதற்காக அவர் பெயர் பொய்யில் வரலாமா?

நேற்றுக் காலை அந்த வெள்ளைத் தாளை எடுத்தேன். 'தங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.' எந்த விஷயம் அண்ணா? இதுதானா? இல்லை, அச்சாகும் தேதியைக் கேட்கத்தானா? எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு வரிக்கு மேல் நீ ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் என்று நம்ப ஆசையாக இருக்கிறது. நம்புவது வேறு, தெரிவது வேறு. அந்த வித்தியாசத்தை இந்தப் பாழும் பட்டியல்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அதனால் இப்படிச் செய்தேன். உன் வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே எழுதினேன்: "இதுவரை என் அண்ணன் எழுதியது. அவர் சொல்ல நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியாது. இனி வருவது அவர் தங்கை எழுதுவது." அதன் பிறகு மூன்று முனியப்பாக்களும் ஒருவரே என்று எழுதினேன். மூன்று பாஷை என்ற வரியை எடுத்துவிடும்படி கேட்டேன். கரையான் தின்ற புத்தகத்துக்கு 'முகப்பு இல்லை' என்று போட்டேன். இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். லீவு முடிவதற்குள் உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்ற ஏரிகளுக்கும் போவேன். மதகு திறந்தவர் யார் என்று கேட்டு, ஊட்டுப்பேர், ஊர்ப்பேர், அப்பன் பேர் மூன்றையும் எழுதி, முகத்தையும் நன்றாகப் பார்த்துக்கொண்டு வருவேன். இன்னொருவர் அதே முறையைச் சொன்னால் நீ எழுதிய வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்வேன். யாருமே சொல்லாவிட்டால் அதையும் எழுதுவேன். எது உன்னுடையது, எது என்னுடையது என்று நடுவில் எப்போதும் ஒரு கோடு இருக்கும்.

கோட்டுக்குக் கீழே இருக்கும்
உன் தங்கை,
சரசு