குலுக்கிப் பார்க்காதவர்

மார்ச் 2

டாக்டர் ஐயாவுக்கு,

மூன்று வருடமாகப் பிரிந்திருக்கும் மனைவி திடீரென்று எழுதுகிறாளே என்று பதற வேண்டாம். பித்தப்பையில் கல். பத்தாம் தேதி வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு எடுக்கிறார்கள். மயக்க மருந்தை மூச்சு வழியாகவும் கொடுக்கலாமாம், நரம்பு வழியாகவும் கொடுக்கலாமாம்.

"வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று மயக்க டாக்டரம்மா கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். ரயில் நிலைய மைக்கில் பேசுகிறவளுக்கு ஆஸ்துமா இளைப்பு என்று ரயில்வே ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறினால், மறுநாளே டிக்கெட் கவுன்டருக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அந்த மைக்தான் எல்லாம்.

எந்த மயக்கம் நல்லது? அதை மட்டும் எழுதுங்கள்.

ரயில்

மார்ச் 5

அன்புள்ள ரயிலுக்கு,

நான் வைத்த பட்டப்பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

கருவிகள் நகர இடம் வேண்டி, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைப்பார்கள். அது நெஞ்சை மேலே நெருக்கும். நுரையீரலின் அடிப்பகுதி நசுங்கும். அந்த வாயு ரத்தத்திலும் கலக்கும். அதையும் மூச்சுதான் வெளியே தள்ள வேண்டும். காற்று போகாத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பாமல் திருப்பிவிட நுரையீரலுக்கே தெரியும். நரம்பில் போடும் மருந்து அதில் அவ்வளவாகத் தலையிடாது. மூச்சில் கொடுப்பது சற்றுத் தலையிடும், ஆனால் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். இளைப்புக்காரர்களுக்கு அது பெரிய உதவி. எது மேல் என்று எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். நீயோ பார்க்க வேண்டியதையே மறைத்துவிட்டாய்.

நடுவில் உன் மூச்சு இறுகிப்போனால்? எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ரயில்வே ஆஸ்பத்திரி மயக்க டாக்டரம்மா என்னோடு படித்தவர். ஒரு போன் போதும். ஆனால் நீயே சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
டாக்டர்

மார்ச் 7

டாக்டர் ஐயாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் "மருந்து எடுத்தாச்சு" என்று நான் சொன்னதும், நிஜம்தானா என்று இன்ஹேலரைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பீர்கள். அந்தச் சத்தம் தாங்காமல்தான் வீட்டைவிட்டு வந்தேன். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு இதையும் குலுக்கிப் பார்க்காதீர்கள்.

ரயில்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

பிழைத்துவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டு மூச்சு வழி மருந்தையே கொடுத்தார்களாம். அப்படியும் நடுவில் ஒருமுறை மூச்சு இறுகியதாம். தயாராக இருந்ததால் சமாளித்தார்களாம். மைக் இனிக் கிடைக்காது என்று நினைக்கிறேன். அழுது தீர்த்தாயிற்று.

நேற்றுச் சாயங்காலம் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "எனக்காக யாராவது உங்களுக்கு போன் பண்ணாங்களா?"

"யாரும் பண்ணலையே. ஆனா, என்கூடப் படிச்சவர் ஒருத்தர் காலைலேருந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தார். கதவு திறக்குறப்பல்லாம் எழுந்து நின்னார். நானே எதிர்ல போனேன், ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கண்ணு முழிச்சாச்சுன்னு நர்ஸ் சொன்னதும் எழுந்து போயிட்டார்."

ஏன் போனீர்கள்? உள்ளே வந்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். தனியாகப் படியேற முடியாது. இன்ஹேலரைத் தலைமாட்டில், கண்ணில் படும்படிதான் வைத்திருக்கிறேன்.

அழைத்துப் போக வாருங்கள்.

உங்கள்
ரயில்